பெரிய டாக்டரின் பேனா

போன மாதம் கலைவாணி போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில காலம் முன்பு என் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பெண். இப்போது அந்தப் பிரிவையே அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நலம் விசாரிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நானும் சந்தோஷமாகப் பேசத் தொடங்கினேன்.

"அக்கா, ஒரு கேசு. கவர்மெண்டு ஸ்கூல்ல தோட்டக்காரரு. ஏணியிலேருந்து விழுந்து வலது தோளு போச்சு. தூக்கவே முடியல. இப்ப அவருக்குப் பென்சன் ஒண்ணும் கெடையாதுன்னு சொல்றாங்க."

"ஏனாம்?"

"ஏதோ கல்யாண வீடியோ போன்ல சுத்துதுக்கா. அதுல இவரு மேடையேறி மாப்பிள்ளைக்கு மொய்க்கவர் குடுக்கிறாரு. வலது கையால. கைதான் நல்லாருக்கே, அப்புறம் என்னன்னு ஆபீசர் கேக்குறாரு. நானும் பாத்தேன். வலது கைதான். நான் என்னன்னு ரிப்போர்ட் எழுதறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கழித்து, பேனாவுக்குப் பதிலாக வீடியோ. மற்றபடி எல்லாம் அதேதான். போனில் கத்தினால் என் பிரஷர்தான் ஏறும். "எதையும் எழுதாத. நான் எழுதி அனுப்புறேன், முதல்ல அதைப் படி" என்று சொல்லி வைத்தேன். அவளுக்காக உட்கார்ந்தது இவ்வளவு நீளமாகிவிட்டது. மற்றவர்களும் படிக்கட்டும்.

நான் செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார், அம்மா புல் பிடுங்கினார். ஐந்தாம் படிவம் முடித்ததும் பிசியோதெரபி பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கோலாலம்பூரில் மூன்று வருஷம் எலும்பும் நரம்பும் மனப்பாடம் செய்தேன். விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க விளங்காது. அந்த வருஷங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மலாக்கா மாநிலத்தில் ஓர் அரசாங்க மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் ஆட்களுக்கு வெள்ளை உடுப்புப் போட்ட பெண் யாராக இருந்தாலும் மிஸ்ஸிதான். நானும் மிஸ்ஸியானேன். உடைந்து ஒட்டிய கைகால்களை மறுபடி அசைய வைப்பது என் வேலை. அதோடு, ஒரு கை எவ்வளவு தூக்குகிறது, ஒரு முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானி வைத்து அளந்து எழுத வேண்டும். வலிக்கிற இடத்தில் கை வைத்தால் ஆண்பிள்ளைகளும் என்னைத் திட்டுவார்கள். நானும் திருப்பித் திட்டுவேன். அதனாலேயே என்னிடம் மறுபடியும் மறுபடியும் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளில் என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் வேலையில் அடிபட்டவர்கள். சுங்கை ஊடாங் தொழிற்சாலைகளில் அடிபட்டவர்களுக்குத் தனி ஏற்பாடு இருந்தது. அரசாங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கோ எல்லாமே மெடிக்கல் போர்டுதான். சாலை போடுகிறவர், கால்வாய் தோண்டுகிறவர், ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிறவர், யாராயிருந்தாலும் போர்டுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். பணியில் பட்ட அடியால் இவர் இனி வேலை செய்ய முடியாது என்று போர்டு எழுதினால், ஓய்வு கொடுத்து, பென்சனும் அதற்கு மேல் ஊனத்துக்கான படியும் மாதாமாதம் தருவார்கள். முடியும் என்று எழுதிவிட்டால் மறுநாளே வேலைக்குப் போக வேண்டும். போகவில்லையென்றால் நீக்கிவிடுவார்கள். அப்புறம் பென்சனும் கிடையாது, குடியிருக்கிற கோட்டர்ஸ் வீடும் கிடையாது. ஒரு குடும்பத்தின் சோறு அந்த அறையில் முடிவாகும்.

அந்த அறை மாடியில் நடைபாதைக் கடைசியில் இருந்தது. நீளமான மேசை, பச்சைத் துணி விரிப்பு, பின்னால் மூன்று டாக்டர்கள். அடிபட்டவர் திரைக்குப் பின்னால் சட்டையைக் கழற்றிவிட்டு, மேசையிலிருந்து தள்ளி, நடு அறையில் நிற்க வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. நான் பக்கத்தில் நின்று கையை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று தூக்கச் சொல்லி, என் அளவுகளை வாசிப்பேன். டாக்டர்கள் கேள்வி கேட்பார்கள். எங்கள் ஆள் என்றால் நான் தமிழில் சொல்லி, பதிலை ஆங்கிலத்தில் திருப்புவேன். அவ்வளவுதான் முறை. சரியாக நடந்தால் நியாயமான முறைதான்.

நடுவில் உட்காருவார் பெரிய டாக்டர். அவர் பெயரை எழுதமாட்டேன், அவருக்கும் பிள்ளைகுட்டிகள் இருக்கிறார்கள். தமிழர்தான். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை விழுந்து யாரும் கேட்டதில்லை. தமிழ் தெரியாது என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டார். அவரைக் காட்டி என்னிடம், "இந்த ஆளுக்கு என்ன பிரச்சினையாம்?" என்று இங்கிலீஷில் கேட்பார். பதில் சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழுத்து டையால் துடைத்துக்கொண்டிருப்பார். கேட்கிறாரா இல்லையா என்றே தெரியாது.

அவரிடம் தங்க மூடி போட்ட ஒரு பேனா இருந்தது. கேள்வியெல்லாம் முடிந்து, "சரி, போகலாம்" என்று சொல்லி, எதிரே நிற்கிறவர் அப்பாடா என்று மூச்சு விடும் நேரத்தில், அந்தப் பேனா மேசையிலிருந்து உருண்டு கீழே விழும். தானாக விழுகிற மாதிரித்தான் இருக்கும். முதல் சில தடவை நானும் அப்படித்தான் நினைத்தேன். தோட்டத்தில் வளர்ந்த மனிதர்கள், டாக்டர் பேனா கீழே விழுந்தால் பார்த்துக்கொண்டு நிற்பார்களா? பாய்ந்து போய் எடுத்துக் கொடுப்பார்கள். முதுகு வளையாது என்று சொன்னவர் குனிந்துவிட்டால் முதுகு சரியாக இருக்கிறது. கை வராது என்றவர் அந்தக் கையை நீட்டிவிட்டால் கை சரியாக இருக்கிறது. பெரிய டாக்டர் பேனாவை வாங்கி, அதே பேனாவால் எழுதிவிடுவார். நன்றி என்றுகூடச் சொல்லமாட்டார்.

கேண்டீனில் இதைப் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார். "பொய்க்காரர்களைப் பிடிக்க எக்ஸ்ரே வேண்டாம், என் பேனா போதும்" என்பார். பொய்க்காரர்களே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு போர்டுக்கு வந்துவிட்டு, சாயங்காலம் திடலில் பந்தாடிய ஆளை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவனைப் பிடித்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒருவன் ஆடிய ஆட்டத்துக்கு ஊரில் உள்ள எல்லாரையும் திருடனாகப் பார்க்கலாமா? வலியோடு வந்து நிற்கிறவனுக்குப் பொறி வைப்பது வைத்தியமா?

இனி முனியாண்டியின் கதைக்கு வருகிறேன்.

முனியாண்டிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். ரப்பர் தோட்டத்தை எண்ணெய்ச் செம்பனைக்கு மாற்றி ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்து, சாலை பராமரிக்கும் ஓர் அரசாங்க இலாகாவில் தொழிலாளியாகச் சேர்ந்தவர். ஒரு புயல் மழைக்குப் பிறகு ஜாசின் போகிற சாலையில் மரம் விழுந்து கிடந்தது. வெட்டி அப்புறப்படுத்தப் போன இடத்தில் அடிமரம் புரண்டு அவருடைய வலது தோளை அழுத்திக்கொண்டு போனது. எலும்பு ஒட்டிவிட்டது. கழுத்திலிருந்து கைக்கு இறங்குகிற நரம்புக் கொத்து மட்டும் இழுபட்டுப் போய்விட்டது. அது ஒட்டாது.

அப்படி அடிபட்டால் கை ஒரு விசித்திரமான நிலையில் நின்றுவிடும். தோளைத் தூக்க முடியாது, முழங்கையை மடக்க முடியாது. ஆனால் விரல்களுக்கு ஒன்றும் ஆகாது. என் கையைக் கொடுத்தால் இறுக்கிப் பிடிப்பார். பிடித்த கையை ஓர் அங்குலம் உயர்த்தச் சொன்னால் உயராது. தோள்சதை வற்றி எலும்பு தெரிந்தது. மாதக்கணக்கில் என்னிடம் வந்தார். அவ்வளவு மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. வலிக்கும்போது கத்தமாட்டார், "மிஸ்ஸி, கொஞ்சம் இருங்க மிஸ்ஸி" என்பார். கூடவே அவர் மனைவி பாக்கியம் வரும். அதுதான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்தும்.

அவர் முறை வந்தது. அன்று பெரிய டாக்டரின் வலப்பக்கம் டாக்டர் லிம், ஓய்வு பெறப்போகிற வயதில் இருந்த சர்ஜன். பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். இடப்பக்கம் டாக்டர் ரோஸ்னா, புதிதாக வந்த மலாய்ப் பெண். நான் அளவுகளை வாசித்தேன். "சதை வற்றியிருக்கிறது" என்றேன்.

"உபயோகிக்காமல் வைத்திருந்தால் யார் கையும் வற்றும்" என்றார் பெரிய டாக்டர், டையால் கண்ணாடியைத் துடைத்தபடி. "பிடி எப்படி?"

"பிடி இருக்கிறது, டாக்டர். ஆனால்..."

"பிடி இருக்கிறது." எழுதிக்கொண்டார். "சரி, போகலாம்."

பேனா விழுந்தது.

முனியாண்டி குனிந்தார். வலக்கை தும்பிக்கை மாதிரித் தொங்கியது. இடக்கையால்தான் பேனாவை எடுத்தார். அதை நான் பார்த்தேன், மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேருமே பார்த்திருக்க முடியும். நிமிர்ந்தவர் அப்படியே ஒரு கணம் நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பெரிய மனிதருக்கு இடக்கையால் எப்படிக் கொடுப்பது? பேனாவை வலது விரல்களுக்கு மாற்றினார். இடக்கையை வலது முன்கைக்கு அடியில் கொடுத்து, சுமை தூக்குகிற மாதிரி அந்தக் கையைத் தூக்கி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, "இந்தாங்க டாக்டரையா" என்று நீட்டினார். நெற்றியில் வேர்த்துவிட்டது. அவ்வளவு வலி.

பெரிய டாக்டர் வலக்கையை மட்டும் பார்த்தார். பேனாவை வாங்கினார்.

"வலக்கையைப் பயன்படுத்துகிறார்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"டாக்டர், அவர் இடக்கையால் தாங்கித் தூக்கினார்" என்றேன்.

"மிஸ், கேட்டால் பேசுங்கள்."

வாயைக் கட்டிப்போட்டுவிட்டார். நான் அன்று வெறும் பிசியோ. மூன்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. டாக்டர் லிம் போட்டார். டாக்டர் ரோஸ்னா பைலைப் பார்த்தபடி தலை நிமிராமல் போட்டார். "இலகுவான வேலைக்குத் தகுதியானவர்" என்பது முடிவு.

நடைபாதையில் ரோஸ்னாவை மறித்தேன். மலாய்க்காரர்களும் இடக்கையால் எதையும் கொடுக்கமாட்டார்கள். வலக்கையை நீட்டி, இடக்கையால் அதைத் தொட்டுக்கொண்டு கொடுப்பதுதான் அவர்களுக்கும் மரியாதை. அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

"நான் பார்த்தேன், காக்" என்றார் மலாயில். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"பார்த்துட்டுமா கையெழுத்துப் போட்டீங்க?"

"என்னை இன்னும் வேலையில் நிரந்தரமாக்கவில்லை. அதற்கு அவர்தான் எழுதித் தர வேண்டும்."

அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வெளியே பெஞ்சில் முனியாண்டி உட்கார்ந்திருந்தார். "டாக்டரு நல்ல மாதிரி மிஸ்ஸி. என் கையாலயே பேனாவ வாங்கிக்கிட்டாரு" என்றார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

இலகுவான வேலை என்று காகிதத்தில் எழுதுவது எளிது. இலாகாவில் அப்படி ஒரு வேலை காலியாக இருக்க வேண்டுமே! சாலையில் கொடி பிடிக்க ஏற்கெனவே ஆள் இருந்தது. மேலதிகாரியான துவான், "தகுதி என்றுதானே எழுதியிருக்கிறது" என்று சொல்லி, வாய்க்கால் ஓரம் புல்லை வாரிக் கூட்டுகிற வேலைக்கு அனுப்பிவிட்டார். சில வாரம் கழித்து முனியாண்டி என்னிடம் வந்தபோது வலது மணிக்கட்டைச் சுற்றித் தோல் உரிந்து சிவந்திருந்தது. என்ன இது என்று கேட்டேன். பாக்கியம்தான் சொன்னது.

"சைக்கிள் டியூப்ப வெட்டி, கையையும் வாருகோல் கட்டையையும் சேத்துக் கட்டிக்கிறாரு மிஸ்ஸி. நாந்தான் காலையில கட்டி விடுறேன். கட்டலன்னா கை நழுவிப் போயிருது. ரெண்டு கையாலயும் வேல செய்யலன்னா வேல வாங்குற மண்டோரு பேர் எழுதிருவாருன்னு பயம். ரொம்ப சூசா லா மிஸ்ஸி, கஷ்டம் தாங்கல."

 நிலைமை தேறவில்லை என்று சிகிச்சைப் பிரிவிலிருந்து எழுதினால் போர்டு இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அது விதியில் இருந்தது. எழுதினேன். தட்டிக் கழித்தார்கள். மறுபடி எழுதினேன். மருத்துவமனை நிர்வாகியின் அறை வாசலில் போய் நின்றேன். "சரோஜாவுக்கு வேற வேலை இல்லையா?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "இதுதான் என் வேலை" என்று வெளியே இருந்து சொன்னேன். கடைசியில் நாள் கொடுத்தார்கள். அதே மூன்று டாக்டர்கள்.

அதே பேனாவும் விழும். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தப் பேனா முன்னால் முனியாண்டி என்ன செய்வார் என்பதும் தெரியும்.

மதிய இடைவேளையில் அவரையும் பாக்கியத்தையும் பிரிவுக்கு வரச் சொன்னேன். நான் நாற்காலியில் டாக்டர் மாதிரி உட்கார்ந்து, ஒரு பென்சிலைக் கீழே போட்டேன். குனிந்து இடக்கையால் எடுத்தார். அப்புறம் வலக்கைக்கு மாற்றி, இடக்கையால் தாங்கி, வேர்க்க வேர்க்க நீட்டினார்.

"யாரு உங்கள வலக்கையால குடுக்கச் சொன்னது?"

"பின்ன எப்படி மிஸ்ஸி?"

"எடுத்த கையாலயே குடுங்க. இடக்கையால."

அவர் சிரித்துவிட்டார், நான் விளையாடுகிறேன் என்று. மறுபடி பென்சிலைப் போட்டேன். மறுபடி வலக்கை. மூன்றாவது தடவை இடக்கை பாதி வழி வந்து நின்றுவிட்டது.

"கை வரல மிஸ்ஸி."

"இடக்கைக்கு என்ன கேடு? அதுதான் நல்லாருக்கே!"

"கை நல்லாத்தான் இருக்கு. மனசு வரல. சின்னப்புள்ளையில கடைக்காரருக்கு இடக்கையால காசு நீட்டிட்டேன்னு அவரு வாங்கவே இல்ல. எல்லாரும் பாக்கத் திருப்பி அனுப்பிட்டாரு. ஒரு டாக்டருக்குப் போயி..."

பாக்கியம் அதற்கு மேல் பொறுக்கவில்லை. "சோறு போயிரும்யா! ஒம் மரியாதய வெச்சு நான் எத ஆக்கிப் போடுறது? புள்ளைங்களுக்கு மரியாதையக் கரைச்சு ஊத்தவா?" என்று கத்திவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது.

முனியாண்டி தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம், யாரும் போடாமலே, பென்சிலைத் தானே கீழே வைத்து, தானே எடுத்து, இடக்கையால் என்னிடம் நீட்டினார். கண் என்னைப் பார்க்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். அன்று முழுக்க அதையே செய்தோம். நாற்பது வயது மனிதருக்கு அவமரியாதை செய்யக் கற்றுக்கொடுத்தேன். ஒரு சிகிச்சைப் பிரிவில் செய்கிற காரியமா இது? அவரை நான் நடிக்கச் சொல்லவில்லை. வேலை செய்கிற ஒரே கையால் கொடுக்கச் சொன்னேன், அவ்வளவுதான். அதற்கும் ஒத்திகை வேண்டியிருந்தது என்றால் யாரைச் சொல்லி அழுவது?

இரண்டாவது போர்டு. அதே பச்சைத் துணி. நான் அளவுகளை வாசித்தேன், எதுவும் மாறவில்லை. பெரிய டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "போன தடவையே இந்த ஆள் வலக்கையைப் பயன்படுத்தியதைப் பார்த்தோமே" என்றார். மணிக்கட்டுத் தழும்பைக் காட்டினேன். "இதுவும் வேலை செய்கிறார் என்பதற்குத்தான் ஆதாரம்" என்றார். 

"சரி, போகலாம்."

பேனா உருண்டது. விழுந்தது.

முனியாண்டி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, பார்த்தால் அவருக்குத் தைரியம் போய்விடும் என்று பயம். குனிந்தார். இடக்கையால் எடுத்தார். நிமிர்ந்தார். வலக்கை பக்கத்தில் தொங்கியபடியே இருக்க, இடக்கையை மட்டும் மேசைக்கு மேலே நீட்டினார். 

பெரிய டாக்டர் வழக்கம்போல வாங்கக் கை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. முகத்தில் ரத்தம் ஏறியது. சுட்டுவிட்ட மாதிரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்னய்யா இது? இடது கையாலயா குடுக்கிறது? மரியாத தெரியாது?"

தமிழ். நல்ல சுத்தமான நம்ம வீட்டுத் தமிழ். அவர் அம்மா அவருக்குச் சொல்லிக் கொடுத்த அதே தமிழ்.

பேனா முனியாண்டியின் கையிலிருந்து நழுவி மறுபடியும் தரையில் விழுந்தது.  டாக்டர் லிம் கண்ணைத் திறந்து, "அவர் என்ன சொன்னார்?" என்று என்னிடம் கேட்டார். இந்தத் தடவை என்னைக் கேட்டுவிட்டார்களே! மொழிபெயர்ப்பது என் வேலை. ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

அப்போதுதான் டாக்டர் ரோஸ்னா வாயைத் திறந்தார். மெதுவாக, பெரியவர்களிடம் பேசுகிற மலாயில் கேட்டார்: "டாக்டர், இடக்கையால் கொடுத்தால் மரியாதையில்லை. வலக்கையால் கொடுத்தால் கை நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் இவர் எந்தக் கையால் கொடுக்க வேண்டும்?"

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, மறுபடி மாட்டிக்கொண்டார். இவ்வளவு காலமும் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மரியாதை எது, எந்தக் கை எதற்கு என்று எல்லாமே தெரியும். தனக்கு வர வேண்டிய மரியாதை என்றபோது உடனே ஞாபகம் வந்தது. இன்னொருவன் வலியோடு அதைத் தூக்கிக் கொடுத்தபோது மட்டும் கண் தெரியவில்லை. என் கோபமெல்லாம் இதற்குத்தான். தெரியாதவர் செய்திருந்தால் இந்நேரம் மன்னித்திருப்பேன்.

முனியாண்டி பாவம், பேனாவை எடுக்க மறுபடி குனியப் போனார்.

"முனியாண்டி, வேணாம். கெடக்கட்டும்!" என்று கத்திவிட்டேன். போர்டு அறையில் நான் கத்தியது அது ஒரு தடவைதான்.

டாக்டர் லிம் பைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மிஸ், அளவுகளை மறுபடி வாசியுங்கள். மெதுவாக" என்றார். வாசித்தேன். முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு தானே எழுந்து வந்து முனியாண்டியின் வலக்கையைத் தூக்கி, விட்டுப் பார்த்தார். அது தொப்பென்று விழுந்தது. முதலில் எழுதியவர் அவர். அடுத்து ரோஸ்னா. பெரிய டாக்டர் கடைசியாக, டாக்டர் லிம்மின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நான் வெளியே போகும்போதும் தங்க மூடிப் பேனா தரையில்தான் கிடந்தது.

முனியாண்டிக்கு ஓய்வும் பென்சனும் ஊனத்துக்கான படியும் கிடைத்தன. செலண்டாரில் சின்னதாக ஒரு வீடு வாடகைக்குப் பிடித்தார்கள். டாக்டர் ரோஸ்னாவை வேலையில் நிரந்தரமாக்கினார்கள், ஆனால் கொஞ்ச நாள் இழுத்தடித்து. என்னை அதற்குப் பிறகு போர்டு அறைக்குக் கூப்பிடவில்லை, வேறொரு பெண்ணை வைத்துக்கொண்டார்கள். பேனா விழுவது நின்றுவிட்டதாக அவள் சொன்னாள். அதற்கு முன்னால் எத்தனை பேர் எடுத்துக் கொடுத்தார்களோ, அவர்களெல்லாம் எங்கே போனார்களோ? அவர்களை யார் மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார்கள்? 

டுக்குப் பழ சீசனில் முனியாண்டி ஒரு பை நிறையப் பழத்தோடு பிரிவுக்கு வந்தார். பையை வலது விரல்களில் மாட்டி, இடக்கையால் அந்தக் கையைத் தாங்கித் தூக்கி, வேர்க்க வேர்க்க என்னிடம் நீட்டினார்.

"இங்க எதுக்குங்க இது? இடக்கையால குடுங்க, நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்."

"உங்களுக்கு அப்படிக் குடுப்பனா மிஸ்ஸி?"

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"மிஸ்ஸி, அன்னைக்கு டாக்டருக்கு இடக்கையால குடுத்தது இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. நீங்க அவரப் பாத்தா, தப்பா நெனைச்சுக்க வேணாம்னு நான் சொன்னேன்னு சொல்லிருங்க."

நான் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் ஓய்வு பெறும்வரை அதே ஆஸ்பத்திரியில் காரில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாளும் கேட்கவில்லை.

கலைவாணி, இப்போது உனக்கு. அந்தக் கல்யாண வீடியோவை மறுபடி போட்டுப் பார். வலக்கையைப் பார்க்காதே, அதைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டார்களே. இடக்கை எங்கே இருக்கிறது என்று பார். வலக்கைக்கு அடியில் இருந்தால், நீ என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எழுதியதை அந்த ஆபீசரிடம் நீயே கொண்டுபோய்க் கொடு. நம்பவில்லையென்றால், அவருடைய வலக்கையைத் துணியில் தூளி மாதிரி போட்டுக் கழுத்தோடு கட்டிவிடு. கட்டிவிட்டு, உன் பேனாவைக் கீழே போட்டு, எடுத்துத் தரச் சொல். இடக்கையை நீட்டுவதற்கு முன்னால் அவரும் ஒரு கணம் நிற்பார். அந்த ஒரு கணத்தை அவர் பார்த்தால் போதும்.